நீல மெழுகு

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. வைதேகிக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேச்சோடு கூடவே வந்தது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்ப உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அவள் வேதியியலில் எம்.எஸ்ஸி. மெல்பர்னில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சகுனத்தில் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள். ஆனாலும் அந்தக் கேள்வி அவள் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் வரவில்லை.

1977, செப்டம்பர் கடைசி. மவுண்ட் டன்மோர் மலையில், அந்த நாட்டுக் கணக்கில், பனிக்காலம் முடியப்போகிற நேரம். அவர்கள் தங்கியிருந்த விடுதி, அவள் கணவன் சடகோபனின் அலுவலக நண்பர்கள் நடத்தும் பனிச்சறுக்குச் சங்கத்துக்குச் சொந்தம். அங்கே சமையல்காரர் கிடையாது, வேலையாள் கிடையாது. கோடையில் வந்து விறகு பிளந்தவருக்குக் குளிர்காலத்தில் படுக்கை. சடகோபன் இரண்டு கோடை விறகு பிளந்திருந்தான். மாம்பலத்தில் வளர்ந்தவன். இந்த நாட்டுக்கு வரும்வரை பனியைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தான்.

முதல் வருஷம் விழுந்தான். இரண்டாம் வருஷமும் விழுந்தான், கொஞ்சம் அழகாக. மூன்றாம் வருஷம், கம்பியில் ஓடும் லிஃப்ட் பிடித்து மேலே போய்க் கம்பம் நட்ட பாதையில் இறங்குவது அலுத்துவிட்டது. ரயிலில் போகிற மாதிரி இருக்கிறது என்றான். ஒல்லியான மரச் சறுக்குக் கட்டைகள் ஒரு ஜோடி வாங்கினான். அவற்றை மாட்டிக்கொண்டு தானே மேடு ஏறி, யார் தடமும் விழாத பனியில் தானே இறங்குவான். அதற்கப்புறம் அவனை விடுதியில் பிடித்து வைக்க முடியவில்லை.

அந்தக் கட்டைகளுக்கு அடியில் மெழுகு பூச வேண்டும். மெழுகு பனியைப் பிடித்தால்தான் ஏறலாம். விட்டால்தான் இறங்கலாம். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்பதால் எந்தப் பனிக்கு எந்த மெழுகு என்பதில்தான் எல்லாமே இருந்தது. குளிர்ந்து உலர்ந்த பனிக்கு நீலம். ஈரத்துக்குச் சிவப்பு. இரவில் உறைந்து பகலில் இளகுகிற பனிக்கு மெழுகு போதாது. குழாயில் வரும் பசை வேண்டும்.

அந்தப் பசைக்கு எல்லோரும் பயந்தார்கள். கையில் பட்டால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் போகாது. வைதேகி முதல் தடவை பார்த்ததுமே இது பலாப்பால் என்று முடிவு கட்டினாள். பலாப்பழம் அரிய உட்காருகிறவளைப் போல, உறைந்திருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்து இளக்கி, இரண்டு உள்ளங்கையிலும் தடவிக்கொண்டாள். பசை அவளிடம் ஒட்டவில்லை. கட்டையில் போய் ஒட்டியது. அன்றிலிருந்து அவன் கட்டைகளுக்கு மெழுகு போடுவது அவள் வேலை. பனியை அவன் காலால் அறிந்தான், அவள் விரலால். விடுதியில் இருந்த மற்றவர்கள் லிஃப்டில் போகிறவர்கள், அவர்களுக்கு மெழுகைப் பற்றிக் கவலையில்லை. கீழ்த்தளத்தில் தேங்காய் மணக்கிறது என்று மட்டும் கேலி செய்வார்கள்.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் பின்னால் போய்ப் பனியை அழுத்திப் பார்த்தாள். மேல்பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே ரவை. பசைதான் என்று, வெளிப்பக்கமாகவே தனிக் கதவுள்ள கீழ்த்தளத்துக்குப் போய்ப் பூசினாள். பூசி முடித்ததும் மெழுகுப் பலகையைத் துடைத்து, டப்பாக்களை மூடி வரிசையாக வைத்தாள். அது சோதனைக்கூடத்துப் பழக்கம்.

சடகோபன் வந்து கட்டையைத் திருப்பிப் பார்த்தான். "நன்னா ஒட்டிண்டிருக்கு" என்றான்.

வியாழக்கிழமை வந்ததிலிருந்து அவன் வடக்குச் சரிவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். லிஃப்டெல்லாம் முடிகிற இடத்திலிருந்து முகட்டோடு வெகுதூரம் நடந்தால் வருவது. இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் நாள் பூராவும் வெயில் விழுகிற நீண்ட, அகலமான, மொட்டைச் சரிவு. அடியில் மரங்கள். அங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாக நினைத்தாள்.

மேலே சாப்பாட்டு மேஜையில் கேதீஸ்வரன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், மெல்பர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். போன வருஷம் இதே மலையில் கை முறிந்து, கட்டுப் போட்ட கையோடு விடுதியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது சிநேகமானவன். அவர்களைவிட இளையவன். சடகோபன் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனபோது அவன் தலை நிமிர்ந்தான்.

"எங்க—" என்று ஆரம்பித்தான்.

வைதேகி பார்த்தாள். அவ்வளவுதான். கேதீஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் வீட்டிலும் அதே சட்டம்தான்.

"தூரமோ அண்ணை?"

"கிட்டதான்" என்றான் சடகோபன். பிறகு அவளிடம், "போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்கோ."

கம்பங்களைத் தாண்டிப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது மலையில் விதி. சடகோபனைக் கேட்டால் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்பான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. ரசம் ஆறியது. அவள் அதைத் திரும்பச் சுடவைத்தாள். மேற்கே மேகம் ஏறத் தொடங்கியது. முதலில் தூரத்து மலைகள் போயின. பிறகு லிஃப்ட் கம்பங்கள் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. கேதீஸ்வரன் ஜன்னலருகே நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் விடுதிக்கு முன்னால் நட்டிருந்த கம்பம்கூடத் தெரியவில்லை. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு பாதுகாப்புக் குழுவின் குடிசைக்குப் போனான்.

குழுத் தலைவர் ராயை அழைத்துக்கொண்டு வந்தான். ராய் வார நாட்களில் அடிவாரத்து ஊரில் குழாய் வேலை செய்கிறவர். சனி ஞாயிறில் சம்பளமில்லாமல் மலையில் கால் முறிந்தவர்களைத் தூக்கி இறக்குவார். தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜை முன் உட்கார்ந்தார். கேள்விகள் சுருக்கமாக இருந்தன. என்ன உடை. எத்தனை நாள் பழக்கம். சாப்பாடு கொண்டு போனாரா. இல்லை என்றாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"எந்தப் பக்கம் போனார்?"

"தெரியாது."

"போகும்போது உங்களிடம் என்ன சொன்னார்?"

"போய்விட்டு வருகிறேன் என்று சொன்னார்."

ராய் காத்திருந்தார், மேலே ஏதாவது வரும் என்று. வரவில்லை.

"நீங்கள் கேட்கவில்லையா?"

வைதேகி மேஜையில் சிந்தியிருந்த ரொட்டித் துகளைப் பார்த்தாள். கேதீஸ்வரன் ஆங்கிலத்தில் விளக்க முயன்றான். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பதில்லை, கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று ஒரு வழக்கம். தானும் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டதாகச் சொன்னான். வேறொரு பாஷையில் சொல்லும்போது அது மிகவும் சின்னதாகக் கேட்டது. ராய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று வைதேகிக்குத் தோன்றியது.

"கிட்டதான்னு சொன்னாரே" என்று அவள் கேதீஸ்வரனிடம் தமிழில் சொன்னாள்.

"அதை நம்பேலாது அக்கா. நாங்கள் சந்திரனுக்குப் போனாலும் கிட்ட எண்டுதான் சொல்லுறது."

ராய் வானொலிக் கருவியில் லிஃப்ட் ஆட்களைக் கேட்டார். ஒருவன் பார்த்திருந்தான். பழுப்புத் தொப்பி, ஒல்லிக் கட்டைகள், காலையில், முகட்டில் வடக்கு நோக்கி. வைதேகி தலையசைத்தாள். அவள் நினைத்ததும் அதுதான்.

ராய் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். பனியில் ஓடும் வண்டி ஒன்றுதான் இருக்கிறது. அவரைச் சேர்த்து மூன்று பேர். வெளிச்சம் அதிக நேரம் நிற்காது. வடக்குச் சரிவு பெரியது. இந்த மேகத்தில் அதை ஒரு தடவை தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். இரவில் எல்லாம் கல்லாக உறையும். அங்கே போனால் இன்று வேறெங்கும் போக முடியாது. அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

"வடக்குதான்" என்றாள் வைதேகி.

தானும் வண்டியில் வருவதாகச் சொன்னாள். முகடு வரைக்கும் வரலாம், அதற்கு மேல் கூடாது என்றார் ராய். அவள் பூட்ஸ் மாட்டிக்கொள்ளக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

மெழுகுப் பலகையில் கையை ஊன்றிக் குனிந்தாள். கை ஒட்டிக்கொண்டது.

பிய்த்து எடுத்தாள். காலையில் அவள் துடைத்து வைத்த பலகை. இப்போது அதன் ஓரத்தில் பசை, கம்பளிப் பூச்சி போலச் சுருண்டு சுருண்டு கிடந்தது. சுரண்டிக் கத்தியும் பக்கத்தில் கிடந்தது. ஒரு கந்தல் துணியில் மண்ணெண்ணெய் நாற்றம். நீல டப்பாவைக் காணவில்லை. அதன் மூடி மட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தது.

யாரோ ஒருவர் பசையைச் சுரண்டிவிட்டு நீலம் போட்டிருக்கிறார்.

ஒரு சுருளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய்க்கு அடியில் தேங்காய் எண்ணெய்.

அவள் பூட்ஸ் மாட்டாமலே மேலே ஓடினாள். ராய் வாசலில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்திருக்கிறார்" என்றாள். "வடக்கே போய்விட்டுத் திரும்பி வந்து, மெழுகை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். வடக்கே இல்லை."

பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். வேறு யாராவது? இல்லை. அவள் கையை நீட்டி அந்தச் சுருளைக் காட்டினாள். இது நான் காலையில் அவர் கட்டைக்குப் போட்டது, முகர்ந்து பாருங்கள் என்றாள். ராய் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்த பசையைக் குனிந்து முகர்ந்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"தேங்காய்."

"நீலம் போட்டிருக்கிறார். நீலத்தை வைத்துக்கொண்டு வடக்கே எதற்கு? பொருக்கில் அது பிடிக்காது. ஈரத்தில் கட்டிக்கொள்ளும். உலர்ந்த பனி வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி கொஞ்சம் விழுந்தது. அது இன்னும் உலர்ந்து கிடக்கிற இடம் எது?"

அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகட்டின் தெற்குப் பக்கம். ஜூன் மாதத்திலிருந்து வெயில் படாத செங்குத்தான பள்ளம். பனி அங்கே கோலமாவு மாதிரி அப்படியே இருக்கும். அதன் விளிம்பில் காற்று கட்டிவைத்த பனிக் கூரை ஒன்று அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் அங்கே போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் பலகை வைக்கவும் இல்லை. யாருமே போகாத இடத்துக்குப் பலகை எதற்கு?

ராய் தயங்கினார். ஒருவன் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம். ஒரு சுருள் பசை இன்னொரு பக்கம்.

"அந்த விளிம்பு இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேதீஸ்வரன் ஆங்கிலத்தில் கேட்டான்.

கடைசி லிஃப்டுக்குப் பின்னால்தான், பக்கம் என்றார் ராய்.

கேதீஸ்வரன் வைதேகியைப் பார்த்தான். "கிட்டத்தான் அக்கா" என்றான். "மனுசன் உண்மையைத்தான் சொன்னவர்."

தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதை ராய் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவளைப் பார்த்தார். வைதேகி அந்தச் சுருளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் வாயைத் திறந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். ஒரு சொல். அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பான். அவ்வளவுதானே. இப்போது கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"தெற்கு" என்றாள்.

வண்டி மேகத்துக்குள் ஏறியது. முன்விளக்கின் வெளிச்சம் ஒரு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ராயின் ஆள் ஒருவன் முன்னால் நடந்து கம்பத்துக்குக் கம்பம் கையால் தொட்டு வழி காட்டினான். கடைசி லிஃப்டின் சக்கரம் தலைக்கு மேல் எங்கோ கிறீச்சிட்டது. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ராய் வண்டியை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். நீளமான கழியால் பனியைக் குத்திக் குத்திப் போனார். கழி எந்த இடத்தில் வெறும் காற்றுக்குள் இறங்கியதோ அந்த இடத்தில் படுத்துக்கொண்டார். மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்தார்கள். வைதேகியும் கேதீஸ்வரனும் கடைசிக் கம்பத்தைத் தாண்டக் கூடாது.

காற்று கீழேயிருந்து வந்தது. கூப்பிடுங்கள் என்றார் ராய், உங்கள் குரல்தான் அவருக்குப் பழக்கம்.

வைதேகி வாயைத் திறந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனைக் கூப்பிட்ட விதம் ஒன்றுதான்.

"ஏன்னா."

மேகம் அதை விழுங்கியது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். ராய் அதுதான் அவன் பெயர் என்று எடுத்துக்கொண்டார். நெஞ்சைப் பனியில் அழுத்திப் படுத்தபடி, குழாய்க்காரரின் பெரிய குரலில், "யேனா" என்றார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "யேனா. யேனா." மூன்று ஆஸ்திரேலியர்கள் அவள் புருஷனை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேதீஸ்வரன் ஒரு கணம் யோசித்தான். பிறகு வாயைக் குவித்து அவனும் "ஏன்னா" என்றான்.

நிறுத்தினார்கள். காற்று மட்டும். பள்ளத்தில் எங்கோ ஒரு மரக்கிளை பனியை உதறியது.

வைதேகி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வடக்குச் சரிவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெரிய, மொட்டைச் சரிவு. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் மேகம்தான்.

திரும்பக் கூப்பிட்டார்கள்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கம்மியிருந்தது. சந்தேகத்தோடு இருந்தது.

"யாரது?"

கேதீஸ்வரன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. வைதேகி கம்பத்தை விடவில்லை. என்ன சொல்கிறான் என்று ராய் கேட்டார். யார் என்று கேட்கிறார் என்றாள்.

"குழாய்க்காரன் என்று சொல்லுங்கள்" என்றார் ராய். கயிறு இறங்கத் தொடங்கியது.

அவன் ஒரு மரத்தடியில் பனியைத் தோண்டிக் குழி செய்து உட்கார்ந்திருந்தான். வலது முழங்கால் திருகியிருந்தது. ஒரு கட்டையின் வளைந்த முன்நுனி முறிந்திருந்தது. ஏற்றியவர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபடியே வந்தான். சறுக்குப் படுக்கையில் கட்டி மேலே இழுத்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வைதேகி குனிந்து அவன் தொப்பியைச் சரிசெய்தாள். அவள் கையை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

விடுதியில் அவனை அடுப்பருகே உட்கார வைத்து, கேதீஸ்வரன் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லிக் கட்டுப் போட்டான். சூடான ரசம் உள்ளே போனதும் சடகோபனுக்குப் பேச்சு வந்தது. முகட்டில் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது சும்மா அந்த விளிம்பை எட்டிப் பார்த்தானாம். ஓரிடத்தில் கூரை உடைந்து ஒரு வாசல் மாதிரி இருந்ததாம். கீழே ஒரு தடம் இல்லை. அப்படி ஒரு பனியை அவன் பார்த்ததில்லை. பசையோடு அதில் இறங்கினால் கட்டை நகராது. அதனால் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனான். முதல் தடவை இறங்கியதைப் பற்றிச் சொல்லும்போது கட்டுப் போட்ட காலையும் மறந்து கையால் வளைவு வளைவாகக் காட்டினான். இரண்டாம் தடவை புதுப் பனி அடிப்பொருக்கை விட்டு ஜமக்காளத்தை உருவுகிற மாதிரி மொத்தமாக நழுவியது. அவனும் அதோடு போனான். அப்புறம் மேகம் வந்து வாசலை மூடிவிட்டது.

"நாலு பேர் என்னை ஏன்னான்னு கூப்பிட்டா" என்றான். "சரி, வேற லோகம் வந்தாச்சுன்னு நினைச்சேன்."

வைதேகி சிரிக்கவில்லை.

"மெழுகு மாத்தக் கீழ வந்தேளே. மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோன்னோ?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"கிளம்பினவன் பாதியில திரும்பி வந்து நின்னா, நீ என்ன நினைச்சுப்பே?"

என்ன நினைத்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் மேலே கேட்காமல் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அவன் படிக்கட்டுக்கு அடியில் சொல்லாமல் நின்றிருக்கிறான். சத்தம் வராமல் பசையைச் சுரண்டியிருக்கிறான். அவள் மனசு கெடக் கூடாது என்று.

கேதீஸ்வரன் கட்டின் முனையை மடித்துச் செருகினான். "ரெண்டு பேரும் நல்லாப் படிச்ச ஆக்கள்" என்றான்.

"நீங்க மட்டும் என்ன டாக்டர்?" என்றாள் வைதேகி.

"ஓம். என்னையும் சேத்துத்தான் சொல்லுறன்."

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வைதேகி வெளியே போய்ப் பனியை அழுத்திப் பார்த்தாள். பொருக்கு. உள்ளே ரவை. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பலகையைச் சுத்தம் செய்தாள். நீல மூடியை எடுத்து வைத்தாள். அதன் டப்பா சடகோபனின் கோட்டுப் பையில் இருந்தது. அதற்கு மூடி போட்டு வரிசையில் சேர்த்தாள். பிறகு எண்ணெயை உள்ளங்கையில் தடவிக்கொண்டு உட்கார்ந்து, தன் கட்டைகளுக்குப் பசை போட்டாள். அவள் கட்டைகள் குட்டை. அவன் கூட வராமல் அவற்றை மாட்டிக்கொண்டு அவள் எங்கும் போனதில்லை.

மேலே வந்தபோது சடகோபன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தான். கேதீஸ்வரன் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான். அவள் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். கையுறையை எடுத்தாள். இருவரும் பார்த்தார்கள். இருவரும் பேசவில்லை. அவள் கதவில் கை வைத்தாள்.

"எங்க போறே?" என்றான் சடகோபன்.

கேதீஸ்வரனின் கரண்டி நின்றது.

அவன் சத்தமாகத்தான் கேட்டிருந்தான். காது சிவந்திருந்தது. வைதேகி திரும்பி நின்றாள்.

"வடக்கே" என்றாள். "முகட்டோட போய், சரிவு ஆரம்பிக்கிற எடம் வரைக்கும். இறங்க மாட்டேன். பாத்துட்டுத் திரும்பிடுவேன். ராயோட ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் போறார், அவர் கூடத்தான். சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

"சரி" என்றான்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள், பூட்ஸும் கழுத்துத் துணியும் கையுறையுமாக. கேதீஸ்வரன் ஒன்றும் கேட்காமல் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினான். மலைத் தண்ணீர், பல் கூசியது. ஒரு வாய் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"போயிட்டு வரேன்."

"போயிட்டு வா."

வெளியே வெயில் பொருக்கின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. அவள் கட்டைகளை மாட்டிக்கொண்டு மேட்டில் ஒரு அடி எடுத்து வைத்தாள். பசை பிடித்தது.